டல்லாஸிலிருந்து அமரில்லோ: ஒருநாள் பயணத்துக்கு ஒரு வாரம் கணக்குப் போட்டேன்!

ஊரில் இருந்த நாளிலிருந்தே இந்தப் பகுதியை விடாமல் படித்து வரும் வாசகி நான். ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து, பிளஸ் டூ வரை படித்து, கல்யாணமாகி, இப்போது அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸுக்குப் பக்கத்தில் குடித்தனம். மகன் வீடு, மகள் வீடு என்று இங்கே வந்து ஆறு மாதம் தங்கிவிட்டுப் போகும் அம்மாக்கள் நம் வாசகியரில் இப்போது நிறையப் பேர் இருப்பீர்கள். ஊர் திரும்பியதும் பலர் சொல்லும் புகார் ஒன்றுதான். "லீவு வந்தா கார்ல ஏத்தி எங்கேயாவது கூட்டிட்டுப் போயிடறாங்க. உட்கார்ந்து உட்கார்ந்து காலு வீங்கிப் போச்சு. ஒண்ணுக்குப் போகணும்னு சொல்லக்கூட கூச்சமா இருக்கு." இந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மாமியாருக்கு 68 வயது. பதினைந்து வருடமாக சுகர். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். போன புரட்டாசியில் எங்களோடு இருந்தார். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை, டெக்சஸின் வடமேற்கு மூலையில் இருக்கும் பாலோ டூரோ பள்ளத்தாக்குக்கு அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. "காலையில கிளம்பினா ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம்" என்றார்.

நான் காகிதத்தை எடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து அமரில்லோ ஊருக்கு சுமார் 365 மைல். நம் கணக்கில் 580 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய சென்னையிலிருந்து திருநெல்வேலி போகிற தூரம். நிற்காமல் ஓட்டினாலே ஐந்தரை, ஆறு மணி நேரம். போக வர என்றால் ஸ்டீயரிங் பிடித்தே பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் பள்ளத்தாக்கையும் பார்க்க வேண்டும். வாரம் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்த மனுஷர், ராத்திரி பத்து மணிக்கு ஆளில்லாத ஹைவேயில் தூக்கம் சொக்கச் சொக்க ஓட்டுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின் சீட்டில் ஏழு வயது மகன், நாலு வயது மகள், பெரியவர் ஒருவர். "போகிறது ஒரு நாள். ராத்திரி அங்கே தங்கல். ஞாயிற்றுக்கிழமை மெதுவாத் திரும்பலாம். அதோட, நடுவுல நூறு மைலாவது நான் ஓட்டுவேன்" என்றேன். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடமாகியும் மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தாண்டி நான் ஓட்டியதில்லை. அவர் யோசித்தார். அத்தைதான், "ஏன்டா, அவ ஓட்டட்டுமே. நீ தூங்கி வழிஞ்சுக்கிட்டு ஓட்டுறதுக்கு அது தேவலை" என்று முடித்து வைத்தார்.

இந்தச் சமவெளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் காரில் போனால் பத்து நிமிடத்துக்கு ஒரு டீக்கடை, ஒரு கோயில், ஒரு பஞ்சர் கடை வந்துவிடும். இங்கே நாங்கள் போன 287ஆம் நம்பர் ஹைவேயில், விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊரைத் தாண்டிவிட்டால் முப்பது மைலுக்கு ஒரு சின்ன ஊர். அதற்கு நடுவில் வானமும் புல்லும்தான். ஒதுங்க மரம்கூடக் கிடையாது. அதனால் என்ன பார்ப்பது என்ற பட்டியலைவிட எங்கே நிற்பது என்ற பட்டியலைத்தான் நான் முதலில் எழுதினேன்.

காரணம் அத்தை. அவர் வெளியே கிளம்பினால் தண்ணீரே குடிக்க மாட்டார். "வழியில அவனைத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்பார். பெண்களான நமக்கு இது தெரியாத விஷயமா என்ன? கல்யாண வேன், திருப்பதி பஸ் என்று காலங்காலமாக நாக்கு வறள உட்கார்ந்து வருகிறவர்கள்தானே நாம். ஆனால் சுகர் இருக்கும் உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை இன்னும் ஏறும். சிறுநீரை அடக்கினால் அதில் தொற்று வரலாம். காற்றும் இங்கே வறண்ட காற்று. வியர்வை தெரியாமலே உடம்பு காயும்.

அதனால் ஒரு வேலை செய்தேன். நிற்கும் இடங்களையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, முதல் நாள் ராத்திரியே அத்தை கையில் கொடுத்துவிட்டேன். 6:30 கிளம்புதல். 7:45 டிகேட்டர். 9:15 விச்சிட்டா ஃபால்ஸ். 10:40 வெர்னன். 12 மணி சில்ட்ரஸ், அங்கே சாப்பாடு. 2 மணிக்கு குட்நைட். 3:45க்குப் பள்ளத்தாக்கு. ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒரு தடவை கார் நிற்கும், எல்லோரும் இறங்க வேண்டும், யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. அத்தை அந்தக் காகிதத்தைக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் டிகேட்டர் வருவதற்கு முன்பே அவராகப் பாட்டிலைத் திறந்து குடித்ததைப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, எனக்கு அவ்வளவு நிம்மதி.

இறங்கி நடப்பது காலுக்கும் நல்லது. மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வயதானவர்களுக்குக் கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. இரண்டு மணிக்கு ஒரு முறையாவது ஐந்து நிமிடம் நடக்கச் சொல்வார்கள். சேலை கட்டியிருந்தாலும் காலில் செருப்புக்குப் பதில் ஷூ போட்டுவிடுங்கள். டெக்சஸில் புல்தரையில் நெருஞ்சி மாதிரி முள்ளும் நெருப்பெறும்பும் உண்டு.

அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதினேன். ஒன்று, ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்கள். விச்சிட்டா ஃபால்ஸ், வெர்னன், சில்ட்ரஸ், அதன் பிறகு அமரில்லோதான். சில்ட்ரஸை விட்டால் அமரில்லோ வரை நூறு மைலுக்கு மேல் என்பது எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. சாப்பாட்டையும் சுகர் பார்ப்பதையும் சில்ட்ரஸில் வைத்ததற்கு அதுதான் காரணம். அங்கே எண் சரியாக இல்லையென்றால் அதற்கு மேல் போவதில்லை, அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிடுவது என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். குழந்தைகளுக்கு இதைச் சொல்லவில்லை.

இரண்டாவது, கவுண்டிகளின் பெயர். கவுண்டி என்றால் நம் தாலுகா, மாவட்டம் மாதிரி. டெக்சஸில் மொத்தம் 254 இருக்கின்றன. புயல், ஆலங்கட்டி மழை வரப்போகிறது என்றால் ரேடியோவில் கவுண்டி பெயரைச் சொல்லித்தான் அறிவிப்பார்கள். நாம் எந்தக் கவுண்டியில் போய்க்கொண்டிருக்கிறோம் என்றே தெரியாமல் போனால் அந்த அறிவிப்பால் என்ன லாபம்? 911க்குப் போன் போட்டாலும் "எங்கே இருக்கிறீர்கள்" என்றுதான் முதல் கேள்வி. அதனால் வரிசையாக எழுதினேன்: வைஸ், மாண்டேக், கிளே, விச்சிட்டா, வில்பார்கர், ஹார்டிமேன், சில்ட்ரஸ், ஹால், டான்லி, ஆம்ஸ்ட்ராங், ரேண்டல். ஒவ்வொரு எல்லையிலும் சாலையோரம் பெயர்ப் பலகை இருக்கும். பலகையைப் பார்த்து டிக் அடிப்பது மகனின் வேலை. அவனுக்கும் பொழுது போனது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அது புரட்டாசி சனிக்கிழமை. அத்தை அசைவம் தொட மாட்டார், நாங்களும் அன்று சாப்பிடுவதில்லை. வழியில் இருப்பதெல்லாம் மாட்டிறைச்சி ஊர்கள். பீன்ஸ் என்று நம்பி வாங்கினாலும் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் வாய் திறந்து கேட்டுவிடுவது நல்லது. நான் வீட்டிலேயே கட்டிவிட்டேன். குழந்தைகளுக்கும் அவருக்கும் புளியோதரை. அத்தைக்குப் புளியோதரை இரண்டு கரண்டி மட்டும் ஆசைக்கு. வயிறு நிறைய, முட்டைக்கோஸ் பொரியலை உள்ளே வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. பதினோரு மணிப் பசிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். தேங்காய் போடாதீர்கள், கார் சூட்டில் ஊசிப்போகும். தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு ஸ்பூன் மட்டும் விட்டுப் பிசைந்தால் மத்தியானம் சரியான புளிப்பில் இருக்கும். இது நம் பாட்டிமார் ரயில் பயணத்துக்குச் செய்த வித்தைதானே.

இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைக்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஐஸின் மேல் நேராகப் படக் கூடாது, உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும். துண்டில் சுற்றி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மேல் தட்டில் வைத்தேன். காரை நிறுத்திவிட்டு இறங்கும்போதெல்லாம் அந்த டப்பா என் கைப்பையில் என்னோடு வந்தது. வெயிலில் பூட்டிய கார் அடுப்பு மாதிரி ஆகிவிடும். அதில் மருந்தையும் வைக்கக் கூடாது, குழந்தைகளை ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. லோ சுகர் வந்தால் கொடுக்க குளுக்கோஸ் மாத்திரையும் ஒரு சின்ன டப்பா சர்க்கரையும் அத்தையின் கைக்கெட்டும் இடத்தில். தண்ணீர் ஆளுக்கு ஒரு காலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "இவ்வளவா?" என்று கணவர் சிரித்தார். வண்டி எங்காவது நின்றுபோனால் உதவி வரும்வரை குடிக்க வேண்டாமா?

பெட்ரோலுக்கு நான் வைத்த சட்டம், முள் பாதிக்கு வந்தால் அடுத்த ஊரில் நிரப்பிவிடுவது. போன் சிக்னல் பள்ளத்தாக்குக்குள் சரியாகக் கிடைக்காது. வீட்டிலேயே வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டோம். விச்சிட்டா ஃபால்ஸில் மாநில அரசின் பயணத் தகவல் நிலையம் ஒன்று உண்டு. காகித வரைபடம் இலவசமாகவே கொடுக்கிறார்கள், கழிவறையும் பளிச்சென்று இருக்கும். அங்கேதான் கை மாறி நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன்.

அந்த ஊரைப் பற்றி ஒரு வேடிக்கை. ஊர் பெயரில் இருக்கும் அருவி 1886ல் வந்த வெள்ளத்தோடு போய்விட்டதாம். அருவி எங்கே, எங்கே என்று வருகிறவர்களெல்லாம் கேட்டதில், நூறு வருடம் கழித்து 1987ல் 54 அடி உயரத்துக்குச் செயற்கையாகவே ஓர் அருவி கட்டிவிட்டார்கள்! இதே ஊரில்தான் 1979 ஏப்ரல் 10ஆம் தேதி பெரிய சுழற்காற்று அடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்தப் பக்கம் டொர்னாடோ என்னும் சுழற்காற்றுக் காலம். உங்கள் பிள்ளைகள் அந்த மாதங்களில் கிளம்பினால் காலையில் ஒருமுறை வானிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். 'வாட்ச்' என்று சொன்னால் வரக்கூடும், 'வார்னிங்' என்று சொன்னால் வந்துவிட்டது, உடனே கெட்டியான கட்டடத்துக்குள் போக வேண்டும். பாலத்துக்கு அடியில் காரை நிறுத்தி ஒதுங்குவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, பாலத்தடியில் காற்று இன்னும் வேகமாகப் பாயும். புழுதிக் காற்றில் கண் தெரியாமல் போனால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, விளக்கை அணைத்துவிட்டு, பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிட வேண்டும். பின் விளக்கு சிவப்பாக எரிந்தால் அதைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் நம் மேலேயே வந்து மோதுவார்.

காய்ந்த புல்லின் மேல் காரை நிறுத்தக் கூடாது என்பதும் இங்கே வந்து கற்றதுதான். புகைக் குழாயின் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும். 2024 பிப்ரவரி கடைசியில் அமரில்லோவுக்கு வடகிழக்கே பிடித்த தீயில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. அதற்குக் காரணம் சாய்ந்த மின்கம்பம் என்றாலும், அந்தப் புல் எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பதற்குச் சொல்கிறேன்.

நான் ஓட்டிய 110 மைலில் ஸ்பீடு லிமிட் பெரும்பாலும் மணிக்கு 70, 75 மைல். ஆனால் சின்ன ஊர் வந்தால் திடீரென்று 45, 35 என்று இறங்கும். ஊர் எல்லைப் பலகையைக் கண்டதும் காலை எடுத்துவிட வேண்டும், போலீஸ்காரர் மறைவில் நிற்பார். காற்றாலை இறக்கைகளை ஏற்றிய நீள லாரிகள் வரும். அவற்றைத் தாண்டும்போது காற்று காரை ஒரு தள்ளு தள்ளும், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் லாரியைத் தாண்டியபோது என் உள்ளங்கை நனைந்துவிட்டது. நாலாவது லாரிக்குப் பயம் போய்விட்டது. கணவர் பக்கத்து சீட்டில் நிம்மதியாகக் குறட்டை விட்டார். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேறென்ன வேண்டும்!

எலெக்ட்ரா என்ற ஊர்ப் பக்கம் எண்ணெய்க் கிணறுகள். இரும்புக் கொக்கு தரையைக் கொத்துவது மாதிரி மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தாண்டியதும் மண் சிவக்க ஆரம்பித்தது. ஓரமெல்லாம் முள் மரம். அத்தை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். "அடி ஆத்தி, இது நம்ம சீமைக்கருவை இல்ல?" என்றார். கிட்டத்தட்ட அதேதான்! இங்கே மெஸ்கீட் என்கிறார்கள். நம் ராமநாதபுரத்தை வளைத்துப் போட்ட சீமைக்கருவேலத்தின் பங்காளி மரம். நம்மூரில் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவோம். இவர்கள் அந்த விறகில் இறைச்சி வாட்டினால் தனி மணம் என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். மேய்ச்சல் நிலத்தை அது பிடித்துக்கொள்வதாக இங்குள்ள பண்ணைக்காரர்களும் அலுத்துக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் பேசுவது மாதிரியே இருக்கும்.

சில்ட்ரஸில் மத்தியானம் சுகர் சரியாகவே இருந்தது. ஒரு பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதற்கு வடக்கே ஒரு பெரிய பாலம் வரும். அடியில் அகலமான மணல், நடுவில் நூல் மாதிரித் தண்ணீர். மானாமதுரை வைகையைப் பார்த்தது மாதிரி இருந்தது. ரெட் ரிவர் என்னும் ஆற்றின் ஒரு கிளை அது. இந்தச் சின்ன ஓடைதான் மேலே போய்ப் பார்த்தால் பாலோ டூரோ பள்ளத்தாக்கையே அறுத்திருக்கிறது. மெம்ஃபிஸ் பக்கமெல்லாம் பருத்தி. வெடித்து வெள்ளையாய் நின்றது. கரிசல் காட்டுக்காரி யாராவது கூட வந்திருந்தால் இறங்கி ஒரு கை எடுத்திருப்பாள்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பிடித்த இடம். கிளாரண்டனுக்கும் கிளாடுக்கும் நடுவில் குட்நைட் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். சார்லஸ் குட்நைட் என்ற பெரிய பண்ணைக்காரர் 1887ல் கட்டிய மர வீடு சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும். எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அவர் மனைவி மேரி ஆன் மேல்தான் கண். 1870களில் கணவரோடு பாலோ டூரோவுக்குள் குடித்தனம் வந்தவர். பக்கத்து வீடு என்றால் எழுபத்தைந்து மைல்! பேச ஒரு பெண் கிடையாது. ஒரு நாள் மாட்டுக்காரர் ஒருவர் சமைக்கச் சொல்லி மூன்று கோழி கொண்டுவந்து கொடுத்தாராம். மேரி ஆன் அவற்றை அறுக்கவில்லை. பேச்சுத் துணைக்கு வைத்துக்கொண்டாராம். இதைக் கேட்டு அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் துணி காயப்போடும் ஸ்டாண்டோடு பேசியிருக்கிறேன்.

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. அப்போது தோலுக்காகக் காட்டெருமைகளை லட்சக்கணக்கில் சுட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள். தாயை இழந்த கன்றுகளை 1878ல் பிடித்துவரச் சொல்லிப் பாலூட்டி வளர்த்தார். அந்தக் கன்றுகளின் வம்சம்தான் இன்று கேப்ராக் கேன்யன்ஸ் என்ற பூங்காவில் டெக்சஸ் மாநிலத்தின் மந்தையாக மேய்கிறது. 1898ல் கணவரும் மனைவியுமாக இந்த ஊரில் ஒரு கல்லூரியும் தொடங்கினார்கள்.

பள்ளத்தாக்கைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். நீளம் சுமார் 120 மைல், ஆழம் 800 அடி. கேன்யன் என்ற ஊரிலிருந்து கிழக்கே பன்னிரண்டு மைல். தட்டையான தரையில் போய்க்கொண்டே இருப்போம், திடீரென்று பூமி பிளந்து சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகக் கீழே தெரியும். கீழே வரை காரிலேயே இறங்கலாம். சரிவு அதிகம், சின்ன கியரில் இறங்க வேண்டும். கீழே ஆறு சாலையின் மேல் ஓடும் தரைப்பாலங்கள் உண்டு, மழை நாளில் தண்ணீர் ஓடினால் கடக்கவே கூடாது. லைட்ஹவுஸ் என்ற பாறைத் தூணுக்கு நடந்து போய் வர ஆறு மைல். வெயில் காலத்தில் அந்தப் பாதையில் ஆட்கள் மயங்கி விழுவது வழக்கம் என்று பூங்காவினரே எச்சரிக்கிறார்கள். பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், காரில் இருந்தபடியே பார்க்க ஏராளம் இருக்கிறது. நுழைவுச் சீட்டை முன்பதிவு செய்துவிட்டால் வாசலில் திரும்பிப் போகும்படி ஆகாது.

இதே இடத்தில் 1874 செப்டம்பர் 28ஆம் தேதி ராணுவம் கமாஞ்சி, கயோவா, ஷயான் மக்களின் முகாம்களைத் தாக்கியது. ஆட்கள் மேலே ஏறித் தப்பித்துவிட்டார்கள். ஆனால் கூடாரங்களையும் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த உணவையும் எரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைச் சுட்டுப் போட்டார்கள். சாப்பாடும் போக்குவரத்தும் போனபின் அந்த மக்கள் அரசு ஒதுக்கிய இடத்துக்குப் போவதைத் தவிர வழியில்லாமல் போனது. வருடம் பூராவுக்கும் வற்றல், வடகம் போட்டு வைக்கும் நமக்கு அந்தச் சாம்பலின் அர்த்தம் புரியும்.

என் கணவருக்குச் சூரியன் மறைவதை உள்ளேயே இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்தச் சமயம் அங்கே சூரியன் மறைவது ஏழு மணிக்கு மேல். அத்தைக்கு ஏழரைக்கு ஊசி, எட்டுக்குள் சாப்பாடு. இதற்காகவே அமரில்லோவில் ரூம் எடுக்காமல் பக்கத்து ஊரான கேன்யனில் எடுத்திருந்தேன், இருபதே நிமிடம். ஆறே காலுக்குக் கீழிருந்து கிளம்பி, மேல் விளிம்பில் காரை நிறுத்தினோம். நிழல் கீழேயிருந்து ஏறி ஏறி வந்தது. அத்தை பாறைத் திண்டில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முழுசாக மறைவதற்குள் நான் கையைப் பிடித்தேன். "இன்னும் ரெண்டு நிமிஷம்டி" என்றார். கொடுத்தேன். ஏழரைக்கு ரூமில் ஊசி போட்டாயிற்று.

ஞாயிறு காலையில் அமரில்லோவுக்கு மேற்கே கேடிலாக் ரேஞ்ச் போனோம். 1974ல் பத்து பெரிய கார்களை மூக்கு மண்ணில் புதைய நட்டு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களெல்லாம் பெயின்ட் அடிக்கலாம். என் மகள் ஒரு கதவுக்கு மஞ்சள் அடித்தாள். அமரில்லோ என்றாலே ஸ்பானிஷில் மஞ்சள்தானாம். 72 அவுன்ஸ், அதாவது இரண்டு கிலோ இறைச்சியை ஒரு மணி நேரத்தில் தின்று முடித்தால் காசு வேண்டாம் என்னும் ஓட்டலும் இந்த ஊரில்தான். போர்டைப் பார்த்ததும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டெக்சஸ் வரப்போகும் அம்மாக்களுக்கு ஒன்று. ஊரில் டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாருங்கள். நம் ஊர் பிராண்டுப் பெயர் இங்குள்ள மருந்துக் கடைக்காரருக்குத் தெரியாது. வெளிநாட்டுப் பயணிகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே இருக்கும் சுகர், பிரஷருக்குப் பணம் தருவார்களா என்று மகனிடம் கேட்டு, அந்த அட்டையின் நகலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருமகளிடம் நிற்கும் இடங்களை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

— வாசகி, டல்லாஸ், டெக்சஸ்